மெடிக்கல் கோடர் வேலையில் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

கேள்வி: பி.எஸ்சி மைக்ரோபயாலஜி முடித்திருக்கிறேன். சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போகலாம் என்று சொல்கிறார்கள். அங்கே தினமும் என்ன வேலை? ஆயிரக்கணக்கான குறியீடுகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா? சான்றிதழ் எடுத்துவிட்டுப் போக வேண்டுமா, சேர்ந்தபின் எடுக்கலாமா?

பதில்:

மனப்பாடம் வேண்டாம். அமெரிக்காவில் நோய்களுக்குப் பயன்படும் ஐசிடி-10-சிஎம் தொகுப்பில் மட்டும் 70,000-க்கும் மேற்பட்ட குறியீடுகள் இருக்கின்றன. அதை யாரும் தலையில் ஏற்றிக்கொள்வதில்லை. ஒரே துறையில் சில மாதங்கள் உட்கார்ந்தால் அடிக்கடி வருபவை தானாக விரல்நுனியில் நிற்கும், மற்றவற்றைத் தேடி எடுப்பீர்கள். இந்த வேலை கேட்பது வேறொரு பழக்கம்: மருத்துவர் எழுதியதை, எழுதிய அளவுக்கு மட்டும் படிப்பது. உயிரியல் படித்தவர்களுக்கு இதுதான் சிரமம். மாத்திரைப் பட்டியலைப் பார்த்ததுமே நோய் இன்னதென்று அவர்களுக்குப் புரிந்துவிடும். புரிந்ததைக் குறியீடாக்கினால் அது தவறு.

சென்னையில் நடக்கும் கோடிங் வேலையில் பெரும்பகுதி அமெரிக்க மருத்துவமனைகளுக்கும் மருத்துவர் குழுக்களுக்குமானது. அங்கே காப்பீட்டு நிறுவனத்திடமிருந்தோ மெடிக்கேர் என்ற அரசுக் காப்பீட்டிடமிருந்தோ பணம் வர வேண்டுமானால், நோயாளிக்கு என்ன பிரச்சினை, அதற்கு என்ன செய்யப்பட்டது என்ற இரண்டும் குறியீடாகப் போக வேண்டும். நோய்க்கு ஐசிடி-10-சிஎம், மருத்துவர் செய்த செயலுக்கு அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் சிபிடி, ஊசி மருந்து, உபகரணம் போன்றவற்றுக்கு ஹெச்சிபிசிஎஸ். உள்நோயாளியாக இருந்தவருக்கு மருத்துவமனை அனுப்பும் பில்லில் மட்டும் அறுவை சிகிச்சைக்கு ஏழு எழுத்துகள் கொண்ட ஐசிடி-10-பிசிஎஸ் வரும். (ஆங்கில எழுத்தில் தொடங்கும் குறியீடுகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன்: ஈ11, ஐ12, இசட்79 என்று.)

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு விளக்கத்தைவிட ஒரு சார்ட்டே (நோயாளியின் மருத்துவக் குறிப்பே) நல்லது. 62 வயதுப் பெண், ஏற்கெனவே அதே மருத்துவரிடம் வருபவர். மருத்துவர் எழுதியிருப்பது இவ்வளவு: "வகை 2 நீரிழிவு, அன்கன்ட்ரோல்டு, மெட்ஃபார்மின் அளவு மாற்றப்பட்டது. உயர் ரத்த அழுத்தம், இலக்கை எட்டவில்லை, அம்லோடிபின் 5-இலிருந்து 10 மி.கி. நாள்பட்ட சிறுநீரக நோய், நிலை 3பி. வலது முழங்காலில் முதன்மை ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ், வலி. ட்ரையாம்சினலோன் 40 மி.கி ஊசி மூட்டுக்குள் போடப்பட்டது. நெஞ்செரிச்சல், ஜிஇஆர்டி இருக்கலாம்."

நீரிழிவும் சிறுநீரக நோயும் தனித்தனி வரியில் இருக்கின்றன. ஒன்றால் மற்றொன்று வந்தது என்று மருத்துவர் சொல்லவில்லை. புதிதாக வருபவர் இங்கே ஈ11.9 என்று சிக்கலில்லாத நீரிழிவைப் போட்டுவிடுவார். ஆனால் ஐசிடி வழிகாட்டியில் 'வித்' என்றொரு மரபு உண்டு. அட்டவணையில் அந்தச் சொல்லுக்குக் கீழே இரண்டு நோய்கள் இணைக்கப்பட்டிருந்தால், மருத்துவர் வேறு காரணம் சொல்லாதவரை இணைத்தே குறியிட வேண்டும். ஆகவே ஈ11.22. ரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் அப்படியே சேர்ந்து ஐ12.9 ஆகும். இரண்டுக்கும் பின்னால் நிலையைச் சொல்ல என்18.32. ஊகிக்காதே என்று சொல்லிவிட்டு இங்கே இணைக்கச் சொல்கிறீர்களே என்று கேட்கலாம். இணைப்பது நீங்கள் அல்ல, விதி. அந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை பிடிபட்டது போலத்தான்.

அதே சார்ட்டில் 3பி என்ற சொல் இல்லாமல், ஆய்வக அறிக்கையில் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் அளவு) 38 என்று மட்டும் இருந்தால்? 30-இலிருந்து 44 வரை 3பி என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தாலும் போடக் கூடாது. நிலையை மருத்துவர் எழுத வேண்டும். எண்ணைப் பார்த்துக் கோடர் முடிவு செய்ய முடியாது. அப்போது நிலை குறிப்பிடாத என்18.9-தான், அல்லது மருத்துவருக்கு ஒரு க்யூரி, அதாவது எழுத்தில் விளக்கம் கேட்பது.

'அன்கன்ட்ரோல்டு' இன்னொரு பொறி. சர்க்கரை கூடியிருக்கிறது என்றுதான் எல்லாரும் படிப்பார்கள், ஈ11.65 போடுவார்கள். அட்டவணையைத் திறந்தால், அந்தச் சொல் சர்க்கரை கூடியதைக் குறித்தால் ஒரு இடம், குறைந்ததைக் குறித்தால் இன்னொரு இடம் என்று பிரித்திருக்கும். எது என்று மருத்துவர் எழுதாவிட்டால் இரண்டையும் தொடக் கூடாது. 'பூர்லி கன்ட்ரோல்டு' என்று எழுதியிருந்தாலோ நேராக ஈ11.65. சாதாரணப் பேச்சில் இரண்டும் ஒன்றுதான், அட்டவணையில் அல்ல. நீண்ட நாளாக வாய்வழி மாத்திரை எடுப்பதற்கு இசட்79.84 சேரும். மருந்துப் பட்டியலின் கடைசியில் கிடப்பதால் அதிகம் விடுபடுவது இதுதான்.

முழங்கால் மூட்டுத் தேய்வுக்கு எம்17.11. வலிக்குத் தனிக் குறியீடு கிடையாது, ஏனென்றால் வலி அந்த நோயோடு வழக்கமாக வரும் அறிகுறி. நெஞ்செரிச்சலுக்கு ஆர்12. "இருக்கலாம்" என்று எழுதிய ஜிஇஆர்டி என்ற அமிலம் மேலேறும் நோய்க்கு வெளிநோயாளி சார்ட்டில் குறியீடே இல்லை.

இனி பணம் வரும் பக்கம். மூட்டு ஊசிக்கு 20610, வலது பக்கம் என்பதற்கு ஆர்டி மாடிஃபையர் (குறியீட்டோடு சேரும் துணைக்குறி). மருந்துக்கு ஜே3301, இது 10 மி.கிராமுக்கு ஒரு யூனிட், எனவே 40 மி.கிராமுக்கு 4 யூனிட். இங்கே 1 என்று போட்டால் மருத்துவருக்கு நஷ்டம், 40 என்று போட்டால் பில் பத்து மடங்கு. இரண்டும் நடப்பதுதான். குறியீட்டின் விளக்கத்தில் 'ஒவ்வொரு 10 மி.கி' என்று இருப்பதைக் கடைசிவரை படிக்காததுதான் காரணம்.

மருத்துவர் பார்த்ததற்கான குறியீடு 99214. 2021-இலிருந்து வெளிநோயாளி அலுவலக வருகைக்கு, உடலில் எத்தனை உறுப்பைப் பரிசோதித்தார் என்று எண்ணும் பழைய முறை போய்விட்டது. மருத்துவ முடிவெடுப்பின் சிக்கலோ, அன்று செலவிட்ட மொத்த நேரமோ போதும். முடிவெடுப்பில் மூன்று தூண்கள்: பிரச்சினைகள், பார்த்த தரவுகள், ஆபத்து. மூன்றில் இரண்டு அந்தப் படியை எட்ட வேண்டும். இலக்கை எட்டாத நாள்பட்ட நோய் 'நிலையானது' அல்ல என்பதால் பிரச்சினை நடுத்தரம். மருந்துச்சீட்டு மருந்தின் அளவை மாற்றியதால் ஆபத்தும் நடுத்தரம். தரவு ஒன்றுமே இல்லாவிட்டாலும் 99214 நிற்கும். நேரத்தை வைத்துப் போவதானால் 99213-க்கு 20 நிமிடம், 99214-க்கு 30, 99215-க்கு 40, குறைந்தது அவ்வளவு. ஊசி போட்ட நேரத்தை அதில் சேர்க்கக் கூடாது.

ஒரே நாளில் ஊசியும் பரிசோதனையும் இருப்பதால் 99214-உடன், பரிசோதனை ஊசியிலிருந்து தனியானது என்று சொல்லும் மாடிஃபையர் 25 வேண்டும். இது இல்லாமல் போனால் பரிசோதனைக்கான பணம் ஊசிக்குள் அடங்கியது என்று க்ளெய்ம் (காப்பீட்டுக்குப் போகும் பில்) திரும்பும். அதனால் ஊசி என்றாலே 25 என்று கை பழகிவிடுகிறது, ஆடிட்டில் சிக்குவதும் அங்கேதான். போன தடவையே முடிவு செய்த ஊசிக்காக மட்டும் அந்தப் பெண் வந்திருந்தால், "எப்படி இருக்கீங்க" என்று கேட்டு முட்டியைத் தடவிப் பார்த்ததற்குத் தனிப் பணம் கிடையாது. ஊசிக்குறியீட்டுக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது. இந்தச் சார்ட்டில் 25-ஐக் காப்பாற்றுவது நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் செய்த வேலை. முழங்கால் வரிகளை மனதுக்குள் அடித்துவிட்டு மீதியைப் படித்துப் பாருங்கள். ஒரு முழுப் பரிசோதனை மிஞ்சினால் 25 போடலாம்.

அறுவைப் பக்கத்தில் இதே சிக்கல், இவை தனித்தனிச் செயல்கள் என்று சொல்லும் மாடிஃபையர் 59-இல் வரும். கொலோனோஸ்கோப்பியில் (பெருங்குடலுக்குள் பார்க்கும் சோதனை) ஒரு பாலிப்பை (சிறு சதை வளர்ச்சி) ஸ்னேர் கம்பியால் எடுத்தார் (45385), வேறொரு இடத்திலிருந்த இன்னொன்றில் பயாப்ஸி மட்டும் எடுத்தார் (45380). இரண்டும் போடலாம், 45380-இல் 59 சேர்த்து. ஒரே பாலிப்பில் முதலில் பயாப்ஸி எடுத்துப் பிறகு ஸ்னேரால் நீக்கினால் 45385 மட்டுமே. மென்பொருள் இந்தக் குறியீட்டு ஜோடியைக் காட்டி 'மாடிஃபையர் அனுமதி உண்டு' என்று சொல்லும். அனுமதி உண்டு என்பதற்கும், இந்தச் சார்ட்டில் தகுதி உண்டு என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் கோடர் படித்துக் கடக்க வேண்டும். அறிக்கையில் 'அசெண்டிங் கோலன்', 'சிக்மாய்ட்' என்று இரண்டு இடங்கள் எழுதியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

அதே கொலோனோஸ்கோப்பி ஸ்கிரீனிங்காக, அதாவது அறிகுறி இல்லாதவருக்கான முன்சோதனையாக, தொடங்கியிருந்தால் முதல் நோய்க் குறியீடு இசட்12.11. பாலிப் கிடைத்துவிட்டதே என்று அதை முதலில் கொண்டுவந்தால் தவறு. ஸ்கிரீனிங் என்ற நோக்கம் மாறாது. பாலிப் இரண்டாவதாக வரும். செயல்முறைக் குறியீட்டில் மெடிக்கேருக்கு பிடி மாடிஃபையர், பெரும்பாலான தனியார் காப்பீட்டுக்கு 33. இதை விட்டால் இலவசமாகவோ குறைந்த செலவிலோ முடிந்திருக்க வேண்டிய பரிசோதனைக்கு நோயாளியின் வீட்டுக்குப் பில் போகும். கோடரின் பிழை நேராக ஒரு மனிதரின் பணப்பையில் கை வைக்கும் இடம் இது. பெரும்பாலான பிழைகள் நிறுவனங்களுக்கு இடையிலேயே தீர்ந்துவிடும், இது தீராது.

மேலே "இருக்கலாம்" என்பதை வெளிநோயாளிக்கு விட்டுவிடச் சொன்னேன். உள்நோயாளிப் பக்கம் போனால் விதி தலைகீழ். மருத்துவமனையில் தங்கி, டிஸ்சார்ஜ் நேரத்திலும் "நிமோனியா இருக்கக்கூடும்" என்றே எழுதியிருந்தால், நிமோனியா இருந்தது போலவே குறியிட வேண்டும். ஹெச்ஐவி, கோவிட்-19, ஸிகா போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு, உறுதியானால்தான் போடலாம். வெளிநோயாளிப் பிரிவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு மாறுபவர்கள் முதல் மாதம் முழுக்க இங்கேதான் தடுமாறுவார்கள்.

உள்நோயாளியில் எல்லாமே முதன்மை நோயைச் சுற்றித்தான் சுழலும். ஆய்வுக்குப் பிறகு, இவரை அனுமதித்ததற்கு எந்த நோய் முக்கியக் காரணம் என்று நிலைபெறுகிறதோ அதுதான் முதன்மை. வந்தபோது சொன்னதும் அல்ல, தங்கியிருந்தபோது அதிகம் செலவானதும் அல்ல. அதையும் உடன் இருக்கும் நோய்களையும் வைத்து டிஆர்ஜி என்ற கட்டண வகை அமையும், அதை வைத்து மருத்துவமனைக்கு ஒரு மொத்தத் தொகை வரும். ஒவ்வொரு நோயும் அனுமதியின்போதே இருந்ததா, உள்ளே வந்தபின் ஏற்பட்டதா என்ற குறியும் சேர வேண்டும். படுக்கைப்புண் வீட்டிலேயே இருந்ததா, வார்டில் வந்ததா என்பதில் பணமும் இருக்கிறது, மருத்துவமனையின் பெயரும் இருக்கிறது.

இங்கே க்யூரி எழுதத் தெரிய வேண்டும். 'யூரோசெப்சிஸ்' என்று ஒரு மருத்துவர் எழுதினால் அதற்குக் குறியீடே கிடையாது. சிறுநீர்த் தொற்று என்று சொல்கிறாரா, அதிலிருந்து வந்த செப்சிஸ் (தொற்றால் உடல் முழுக்க வரும் ஆபத்தான எதிர்வினை) என்று சொல்கிறாரா என்று கேட்டாக வேண்டும். "செப்சிஸ் என்று உறுதி செய்ய முடியுமா? டிஆர்ஜி உயரும்" என்று கேட்டால் அது வழிநடத்தும் க்யூரி; ஆடிட்டில் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். காய்ச்சல் எவ்வளவு, வெள்ளணு எண்ணிக்கை, லாக்டேட், கல்ச்சர் முடிவு, கொடுத்த ஆன்டிபயாடிக் ஆகியவற்றைத் தேதியோடு எழுதுங்கள். கீழே செப்சிஸ், செப்சிஸ் இல்லாத சிறுநீர்த் தொற்று, வேறு, தீர்மானிக்க இயலவில்லை என்று தெரிவுகள் கொடுங்கள். பணத்தைப் பற்றி ஒரு சொல் கூடாது.

அடிக்கடி நடக்கும் இன்னும் சில பிழைகள். எலும்பு முறிவுக் குறியீட்டின் ஏழாவது எழுத்து 'ஏ' என்றால் முதல் வருகை என்று நினைப்பார்கள். அது முறிவுக்கு நேரடிச் சிகிச்சை நடக்கும் காலம் முழுக்கவும். முறிவு ஆறிக்கொண்டிருக்கும்போது ஊர் மாறி வேறொரு மருத்துவரை முதல்முறையாகப் பார்த்தாலும் 'டி'-தான். இடைவெளியை நிரப்பும் எக்ஸ்களை விடுவது (கீழே விழுந்ததற்கு டபிள்யூ19.எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஏ) எளிய தவறு, மென்பொருளே பிடித்துவிடும். பிடிக்காதது இது: ஐந்து வருடத்துக்கு முன் வந்த பக்கவாதம் பழைய நோய்ப் பட்டியலில் கிடக்கும், அதற்கு இன்றைய வருகையில் ஐ63.9 போடுவார்கள். பின்விளைவு எதுவும் இல்லாமல் முடிந்துபோனதற்கு இசட்86.73. தனியார் நிறுவனம் வழியாக மெடிக்கேர் பெறும் மெடிக்கேர் அட்வாண்டேஜ் நோயாளிகளின் நோய்ச்சுமையைக் கணக்கிடும் ஹெச்சிசி கோடிங்கில் இந்த ஒரு பிழை, காப்பீட்டு நிறுவனம் அரசிடமிருந்து வாங்கக் கூடாத பணத்தை வாங்கியதாக முடியும். அதனால்தான் அந்தப் பிரிவில் ஒவ்வொரு நோய்க்கும் மருத்துவர் அன்று கண்காணித்தாரா, மதிப்பிட்டாரா, சிகிச்சை தந்தாரா என்று ஆதாரம் தேடச் சொல்வார்கள். பட்டியலில் பெயர் மட்டும் இருந்தால் போதாது. போன வருகையின் குறிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டும் மருத்துவர்கள் நிறையப் பேர். மூன்று வருகைகளில் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோடு வந்தால் சந்தேகப்படுங்கள்.

தையலிலும் ஒரு கணக்கு. கையில் 3 செ.மீ, காலில் 2 செ.மீ, இரண்டும் எளிய தையல் என்றால் இரண்டு குறியீடு இல்லை. ஒரே உடற்பகுதிக் குழு என்பதால் நீளத்தைக் கூட்டி 5 செ.மீ, 12002. முகத்தில் இருந்தால் வேறு குழு, கூட்டக் கூடாது.

அலுவலக நடைமுறை பெரும்பாலும் இப்படி: தினம் இத்தனை சார்ட் என்று டார்கெட், தரம் 95 சதவீதம். எக்ஸ்ரே அறிக்கை ஒன்று ஓரிரு நிமிடத்தில் முடியும், உள்நோயாளி சார்ட் ஒன்று ஒரு மணி நேரத்தை விழுங்கும். ஆகவே ஒரு துறையின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டு மனம் கசந்துபோகாதீர்கள். க்யூஏ (தரம் சரிபார்ப்பவர்) பிழை என்று திருப்பினால், வழிகாட்டியின் பிரிவு எண்ணோடு ரீபட்டல் (மறுப்பு) போடலாம். "எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்" என்பது ரீபட்டல் ஆகாது. க்ளையண்டுக்கென்று தனி விதிகளும் இருக்கும், அவை பொது வழிகாட்டியோடு மோதினால் வாய்மொழியில் விடாமல் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனங்களை அழைத்து நிலுவைப் பணம் கேட்கும் ஏஆர் காலிங் போல இரவு ஷிஃப்ட் கட்டாயம் பெரும்பாலும் இல்லை, சார்ட் எப்போது படித்தாலும் சார்ட்தான். நோயாளித் தகவலுக்கான ஹிப்பா சட்டம் (1996) காரணமாகப் பல இடங்களில் வேலைத் தளத்துக்குள் போன், பேனா, காகிதம் எதுவும் விடமாட்டார்கள்.

சான்றிதழ் விஷயம். மருத்துவர் பக்கக் கோடிங்குக்கு ஏஏபிசி அமைப்பு நடத்தும் சிபிசி, உள்நோயாளிக்கு சிஐசி அல்லது ஏஹிமா அமைப்பின் சிசிஎஸ், ஹெச்சிசிக்கு சிஆர்சி. சிபிசி 100 கேள்விகள், 4 மணி நேரம், தேர்ச்சி 70 சதவீதம். புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம். ஆனால் ஒரு கேள்விக்கு 2.4 நிமிடம்தான், புத்தகத்தோடு பழகாதவர்கள் அங்கேதான் தோற்பார்கள். நான்கு விடைகளுக்கும் இடையில் எந்தக் குறியீடு வேறுபடுகிறது என்று பார்த்து அதை மட்டும் சரிபார்ப்பது நேரத்தைக் காக்கும். அனுபவம் இல்லாமல் தேறினால் பெயருக்குப் பின்னால் 'ஏ' ஒட்டிக்கொள்ளும், பயிற்சி நிலை என்று அர்த்தம். இரண்டு வருட வேலை அனுபவம், அல்லது 80 மணி நேரப் படிப்போடு ஒரு வருட அனுபவம் காட்டினால் அது நீங்கும்.

என் கருத்து: பயிற்சியாளராக எடுக்கும் நிறுவனம் கிடைத்தால் முதலில் சேருங்கள், ஒரு வருடத்துக்குள் தேர்வெழுதுங்கள். சார்ட் பார்த்தவருக்கு அதே தேர்வு பாதிச் சுமைதான். சான்றிதழ் இல்லாமல் எடுக்கவே மாட்டார்கள் என்ற நிலை உங்கள் ஊரில் இருந்தால் மட்டும் முன்பே எழுதுங்கள். 'நூறு சதவீத வேலை உறுதி' என்று முன்பணம் கேட்கும் பயிற்சி மையத்தில், பெயர் நீக்கிய முழு சார்ட்டுகளை வைத்துப் பயிற்சி தருகிறார்களா என்று கேளுங்கள். ஒற்றை வரிக் கேள்விகளை மட்டும் தருபவர்கள் உங்களைத் தேர்வுக்குத் தயார் செய்யலாம், வேலைக்கு அல்ல. நேர்முகத்தில் குறியீடு கேட்பது குறைவு. உடற்கூறு, மருத்துவச் சொற்களின் முன்னொட்டு பின்னொட்டு, அறுவை முறைகளின் அர்த்தம் இவைதான் வரும். ஆஸ்டமிக்கும் (திறப்பு உண்டாக்குவது) எக்டமிக்கும் (வெட்டி நீக்குவது) வித்தியாசம் சொல்லத் திணறினால் அங்கேயே முடிந்தது.

தானியங்கி மென்பொருள் வேலையைத் தின்னாதா என்றும் கேட்பார்கள். ஒரே அச்சில் வரும் கதிரியக்க அறிக்கை போன்றவற்றில் மென்பொருள் முதலில் இடம் பிடிக்கிறது. முரண்படும் குறிப்புகள், க்யூரி, ஆடிட், டினையல் (காப்பீடு பணம் தர மறுப்பது) இவற்றுக்கு ஆள் வேண்டும். எனவே எளிய சார்ட்டிலேயே பல வருடம் தங்கிவிடாதீர்கள்.

சேர்ந்த முதல் வருடம் அக்டோபர் வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐசிடி புத்தகம் அக்டோபர் 1-ஆம் தேதி மாறும், சிறு திருத்தங்கள் ஏப்ரல் 1. சிபிடி ஜனவரி 1. வெளிநோயாளிக்கு மருத்துவர் பார்த்த தேதி எதுவோ அந்தத் தேதிக்கான புத்தகம். உள்நோயாளிக்கு டிஸ்சார்ஜ் தேதி: செப்டம்பர் 28 சேர்ந்து அக்டோபர் 2 வீட்டுக்குப் போனவருக்குப் புதிய புத்தகம்தான். செப்டம்பர் 30 பார்த்த வெளிநோயாளியின் சார்ட் உங்கள் கைக்கு நவம்பரில் வந்தாலும் பழையது. அக்டோபரில் குவியும் டினையல்களில் ஒரு பங்கு இந்தத் தேதிக் குழப்பத்தால் வருவது.